பச்சை உடம்புக்காரிக்கு ஒரு கைத்துணை: மக்கள் நல்வாழ்வுத் துறைக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலர் அவர்களுக்கும், பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் துறையில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். திருப்பூர்ப் பக்கத்தில்தான் காலம் போனது. பென்ஷன் நிலுவையைப் பற்றி எழுதவில்லை, அதற்குச் சங்கம் இருக்கிறது. பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த பெண்ணின் முதல் நாற்பது நாளைப் பற்றி எழுதுகிறேன்.

துறை செய்த நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். தேசிய குடும்ப நல ஐந்தாவது ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2018-20 கணக்கில் லட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய் இறப்பு நாடு முழுவதும் 97, நமக்கு 54. பிரசவ அறைக்குள் கூடவே ஒரு பெண் உறவினர் இருக்கலாம் என்று 2004-லேயே அரசு மருத்துவமனைகளில் பிரசவ உடனாளி திட்டம் கொண்டுவந்தோம். அங்கன்வாடியில் சமுதாய வளைகாப்பு நடத்தி, சாதி மதம் பார்க்காமல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வளையல் போட்டு, கலவை சாதம் கட்டிக் கொடுத்து அனுப்புகிறது அரசு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987-இல் ஆரம்பித்த மகப்பேறு நிதியுதவி, 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் ஆயிற்று. 2015-இல் வந்த குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள். துண்டு, கொசுவலை, சோப்பு, கிலுகிலுப்பை, நகவெட்டி எல்லாவற்றுக்கும் நடுவில் தாய்க்கென்று ஒரு டப்பா சௌபாக்கிய சுண்டி லேகியம். சித்த மருத்துவத்தில் மகப்பேறு சஞ்சீவி என்று சதாவரி லேகியம், உரை மாத்திரை உட்பட 11 மருந்துகள் தனியாக.

அந்த லேகிய டப்பாவைப் பார்த்து மனசார சந்தோஷப்பட்டவள் நான். கோட்டையில் உட்கார்ந்து பட்டியல் போட்ட யாருக்கோ, பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கு வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. என் வருத்தமெல்லாம் டப்பாவோடு நின்றுவிட்டதில்தான்.

திருப்பூரில் ஒரு லைன் வீடு. சிசேரியன் ஆகி ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்த பெண், தேனிப் பக்கத்துப் பிள்ளை. நான் போன நேரம் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. விட்டால் அடுத்த வாரம்தான். குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் பிளாஸ்டிக் குடத்தோடு வரிசையில் நிற்கிறாள். புருஷன் பனியன் கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் ஒன்றரை ஷிப்ட். அம்மா ஊரிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் இருந்த வரைக்கும் இருந்துவிட்டு, ஆடு மாட்டைப் பார்க்க ஆளில்லை, நூறு நாள் வேலையும் போய்விடும் என்று பஸ் ஏறிவிட்டார். பரிசுப் பெட்டகம் பரண் மேல் இருந்தது. லேகிய டப்பா சீல் உடைக்காமல் அப்படியே. "அதை எப்பச் சாப்புடறதுன்னு யாரும் சொல்லலீங்க நர்ஸம்மா. சாப்புட்டா பாப்பாவுக்கு வயித்தால போகும்னு பக்கத்து வீட்டக்கா சொன்னாங்க."

இந்தப் பெண்ணுக்கு எந்தத் திட்டமும் விட்டுப்போகவில்லை. பணம் வந்தது, பெட்டகம் வந்தது, தடுப்பூசி அட்டை வந்தது, நானும் போனேன். குடத்தை வாங்கிக்கொள்ள ஓர் ஆள்தான் இல்லை.

பழைய முறையில் அந்த ஆள் இருந்தார். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்று ஊரே வைத்திருந்ததன் உள்ளர்த்தம் அதுதான். பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்று உட்கார வைத்து, அம்மாவோ அம்மிச்சியோ (அம்மாவைப் பெற்றவள்) அத்தையோ சுற்றிச் சுற்றி வேலை செய்தார்கள். காலையில் மருந்து உருண்டை. நாட்டுமருந்துக் கடையில் 'பிரசவ மருந்து' என்று கேட்டாலே சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சதகுப்பை, வால்மிளகு, ஜாதிக்காய் என்று பொட்டலம் மடித்துத் தந்துவிடுவார்கள். வறுத்து இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுக் கிண்டி, சுருண்டு வந்ததும் இறக்க வேண்டும். அரை நாள் வேலை. கொங்கு வீடுகளில் செலவு ரசம், தோலோடு சுட்ட பூண்டு, வெள்ளாட்டு ஈரல். கடற்கரை ஊர்களில் பால்சுறாப் புட்டு, காரலும் நெத்தலியும் போட்டுப் பத்தியக் குழம்பு. சைவ வீடுகளில் அங்காயப் பொடியும் சுண்டைக்காய் வற்றலும். யாழ்ப்பாணத்தார் சரக்கு அரைத்துக் கறி வைப்பார்கள். முஸ்லிம் வீடுகளில் 'நாப்பது' கழிகிற வரைக்கும் அடுப்படிப் பக்கமே விட மாட்டார்கள்.

பிறகு குளியல். இதை எழுதாமல் போக மனம் வரவில்லை. நொச்சி, வேம்பு, ஆமணக்கு, புளிய இலை எல்லாம் போட்டு அண்டாவில் கொதித்த தண்ணீர். ஆவி பறக்க விளாவி வைத்துக்கொண்டு, முக்காலியில் உட்கார வைத்து, உச்சந்தலையிலிருந்து நல்லெண்ணெய் தேய்த்து, இடுப்பில் சொம்பால் ஓங்கி அடித்து ஊற்றுவார்கள். படீர் என்று விழும். முதல் சொம்புக்குப் பெண் கத்துவாள், நாலாவது சொம்பில் கண் சொருகிவிடும். முடியைத் துவட்டி, சாம்பிராணி காட்டி, பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டி, பூண்டுக் குழம்புச் சோறு நாலு வாய் உள்ளே போனதும் அவள் தூங்கிப்போவாள். குழந்தையைக் கால் மேல் போட்டு ஊற்றி எடுத்து, தூங்க வைக்கிற வேலை அம்மிச்சிக்கு. பால் குடிக்க அழுதால் மட்டும் தாயை எழுப்புவார்கள்.

இதில் மருந்து எவ்வளவு வேலை செய்தது, வெந்நீர் எவ்வளவு வேலை செய்தது என்பதை ஆய்வு செய்கிறவர்கள் சொல்லட்டும். நான் பார்த்தது வேறு. அந்த நாற்பது நாளில் தாய் செய்தது மூன்றே வேலை: சாப்பிட்டாள், தூங்கினாள், பால் கொடுத்தாள். மற்றதெல்லாம் வேறு பெண்களின் கையால் நடந்தது. சடங்கு என்று நாம் பெயர் வைத்திருப்பதில் முக்கால் பங்கு, இன்னொரு பெண்ணின் உழைப்பு.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. தீட்டு என்று மாட்டுக் கொட்டகை ஓரத்தில் படுக்க வைத்த வீடுகள் உண்டு. பேறு பார்த்த மருத்துவச்சியை, தொப்புள்கொடி அறுத்த அதே கையை, வாசல்படிக்கு வெளியே நிறுத்திப் படி நெல் அளந்து கொடுத்தது இந்த ஊர்தான். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் அவர்கள். பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனதும், நல்லதுக்காகத்தான் போனது, அவர்கள் பிழைப்பும் போயிற்று. குழந்தை பிறந்த பின் நாற்பது நாள் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டிக் கொடுத்த அவர்களுடைய வேலையை எடுத்துச் செய்ய நாம் யாரையும் வைக்கவில்லை. உழைப்பு இலவசம், உழைப்பவருக்கு அவமானம் என்று ஓடிய ஏற்பாடு அது. அப்படியே திரும்பி வர வேண்டாம்.

கெடுதலும் இருந்தது. பச்சை உடம்பில் தண்ணீர் சேரக்கூடாது என்று நாளுக்கு ஒரு சொம்புகூடக் கொடுக்காமல் காயப்போட்டார்கள். பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எல்லாம் வரிசையாக வரும், ரத்தம் உறைகிற ஆபத்தும் கூடும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தார்கள். சங்கில் கழுதைப்பால் புகட்டினார்கள், இன்றைக்கும் தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். வசம்பை உரசி நாக்கில் தடவுவது, மூக்கில் ஊதுவது, காதில் எண்ணெய் விடுவது, பிறந்த குழந்தையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது, சாம்பிராணிப் புகையில் குழந்தையைக் காட்டுவது. இவையெல்லாம் நிற்கத்தான் வேண்டும்.

ஆனால் வார்டில் நாம் சொல்லித்தருவது 'கூடாது'களின் பட்டியல் மட்டும்தான். வசம்பு கூடாது, எண்ணெய் கூடாது, பத்தியம் கூடாது. எதைச் செய்யலாம் என்று சொல்வதில்லை. இதைக் கேட்டு வீட்டுக்குப் போகிற பெண்களில் இரண்டு வகை. மாமியாரோ அம்மாவோ பலமாக இருக்கிற வீட்டில், நர்ஸ் சொன்னதை ஒரு காதில் வாங்கிவிட்டு வசம்பும் சேர்த்தே நடக்கும். யாருமில்லாத வீட்டில், "டாக்டரே பத்தியம் வேண்டாம்னுட்டாரு" என்று மூன்றாம் நாளே பரோட்டா பார்சல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் துணி துவைக்க உட்கார்ந்துவிடுவாள். கெட்டதை நிறுத்தப் போய் நல்லதும் சேர்ந்து நின்றது இந்த இரண்டாவது வீட்டில்தான்.

போதாக்குறைக்கு, பிரசவம் நடக்கிற விதமே மாறிவிட்டது. அதே ஐந்தாவது ஆய்வில் தமிழ்நாட்டின் சிசேரியன் அளவு 44.9 சதவீதம். ஏறத்தாழ இரண்டு பெண்ணுக்கு ஒரு பெண் வயிற்றில் தையலோடு வீடு வருகிறாள். சுகப்பிரசவத்துக்கென்று அம்மிச்சிகள் வைத்திருந்த முறை இவளுக்கு அப்படியே பொருந்தாது. தையல் மேல் வெந்நீர் அடிக்கலாமா, வயிறு கட்டலாமா, எத்தனை நாள் கழித்து, குனிந்து குழந்தையைத் தூக்கலாமா? அம்மிச்சிக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டிலும் இருக்காது. அதில் இருப்பது மாத்திரை பெயரும் தையல் பிரிக்க வர வேண்டிய தேதியும்.

நாங்கள் வீட்டுக்குப் போகிறோமே என்பீர்கள். போகிறோம். 3, 7, 14, 21, 28, 42 என்று நாள் கணக்குப் போட்டுப் பார்வை இருக்கிறது. படிவத்தைப் பாருங்கள். குழந்தையின் எடை, உடம்புச் சூடு, தொப்புள், பால் குடிக்கிறதா. தாய்க்கு என்று சில கட்டம் இருக்கும், ரத்தப்போக்கு, காய்ச்சல், அவ்வளவுதான். அவள் நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாள், யார் சமைத்தார்கள், தனியாக இருக்கிறாளா என்று கேட்கக் கட்டமே கிடையாது. கேட்டாலும் எனக்கு அடுத்த வீடு காத்திருக்கும். ஐயாயிரம் பேருக்கு ஒரு செவிலியர் என்று கணக்குப் போட்டு, அவளிடமே தடுப்பூசியும் ஆன்லைன் பதிவேற்றமும் கொடுத்தால் உட்கார்ந்து பேச நேரம் எங்கிருந்து வரும்?

பத்தியம் என்ற ஏற்பாடே ஜன்னிக்குப் பயந்து வந்தது என்று நான் நினைக்கிறேன். காய்ச்சலில் பிதற்றினாலும் ஜன்னி என்பார்கள், காய்ச்சலே இல்லாமல் மனம் பேதலித்தாலும் ஜன்னிதான். முதல் வகை கர்ப்பப்பைத் தொற்று, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது. இரண்டாவது வகை பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே தலைகாட்டும். அரிதுதான், வந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. அது போக, சத்தமில்லாமல் அழுத்தும் மனச்சோர்வு. பிள்ளை பெற்றவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு இப்படி மனநலச் சிக்கல் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். "மேலுக்கு ஒண்ணுமில்லீங்க நர்ஸம்மா, தூக்கந்தான் வரமாட்டேங்குது, குழந்தையப் பாத்தாலும் ஒண்ணும் தோண மாட்டேங்குது" என்று சொன்ன பெண்ணை, வீட்டார் தாயத்துக் கட்டக் கூட்டிப்போனதைப் பார்த்திருக்கிறேன். இந்த மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோவில் 1987-இல் தயாரித்த பத்துக் கேள்விப் படிவம் தமிழிலும் இருக்கிறது. பத்து நிமிஷ வேலை. ஆனால் கேள்வி கேட்கிறவள் ஊசி போட வருகிற நர்ஸாக இருந்தால் பதில் வராது. தினமும் வந்து குழந்தையைக் குளிப்பாட்டிக் கொடுக்கிற ஒருத்தியிடம் தானாகவே வரும். அம்மிச்சி பக்கத்திலேயே படுத்திருந்த காலத்தில், ராத்திரி பெண் தூங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் படிவம் நிரப்பாமலே தெரிந்துவிடும்.

வடக்கிலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்திருக்கும் பெண்களை இந்தக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். பீகார்க்காரிகளுக்கும் சுக்கு லட்டு உண்டு, ஆறாம் நாள் 'சட்டி' என்று சடங்கு உண்டு. செய்து கொடுக்க வேண்டிய அம்மாவோ மாமியாரோ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அடுத்த வீட்டுத் தமிழ்ப் பெண் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்து, காரம் தாங்காமல் அவள் தயிரைக் கேட்க, தயிர் கூடாது என்று இவள் பிடுங்க, பாஷை தெரியாமலே இரண்டு பேரும் சண்டை போட்டதை நான் சிரித்துக்கொண்டே பார்த்ததுண்டு. அப்படி ஓர் அடுத்த வீடு அமைவது அதிர்ஷ்டம். எல்லாக் காம்பவுண்டிலும் அமையாது.

ஒரு நாட்டின் அரசு இதையெல்லாமா பார்க்கும் என்று கேட்காதீர்கள். நெதர்லாந்தில் பார்க்கிறார்கள். க்ராம்ஸோர்க் என்று பெயர். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் முதல் எட்டுப் பத்து நாள் தினமும் வருவார். தாயையும் சேயையும் கவனிப்பார், பால் கொடுக்கச் சொல்லித்தருவார், சில்லறை வீட்டு வேலை செய்வார், மூத்த பிள்ளையையும் பார்த்துக்கொள்வார். வழக்கமாக 49 மணி நேரம். பெரும்பகுதிச் செலவு அடிப்படைக் காப்பீட்டில். மலேசியாவில் அரசு மருத்துவமனைகள் சிலவற்றின் பாரம்பரிய மருத்துவப் பிரிவுகளிலேயே, பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதும், சூட்டு ஒத்தடமும், வயிறு கட்டுவதும் உண்டு. மருத்துவம் படித்தவர்கள் கண்காணிப்பில் அம்மிச்சி வேலை.

நமக்கும் வழி புதிதில்லை. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பித்தபோது, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கவும், படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு இயன்முறைப் பயிற்சி கொடுக்கவும் ஆள் போட்டோம். அதே பாதையில் பேறுகாலத் துணை என்று ஒரு பெண்ணைப் போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. தாய் வீடு பக்கத்தில் இல்லாதவள், சிசேரியன் ஆனவள், இரட்டைப் பிள்ளை பெற்றவள், அம்மா இறந்துபோனவள், காதல் கல்யாணம் பண்ணி இரண்டு வீட்டையும் விட்டு வந்தவள், இவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம், முப்பது நாள். மணிக்கு 100 ரூபாய் வைத்தாலும் 6,000 ரூபாய்தான் ஆகிறது. தாய்க்குக் கொடுக்கிற 18,000-இல் கை வைத்துவிடாதீர்கள், அது அவள் பணம். இது தனி.

அந்த வேலைக்கு யார் என்றால், ஊரில் கைப்பக்குவம் தெரிந்த பெரியம்மாக்கள் இருக்கிறார்கள். மருத்துவச்சிக் குடும்பத்துப் பெண்கள் இருக்கிறார்கள், முதல் உரிமை அவர்களுக்கு. மகளிர் குழுக்களில் ஆள் கேட்டால் கிடைக்கும். கை கழுவுவது, தையலைப் பார்ப்பது, எந்த அளவு ரத்தம் போனால் 108-க்குக் கூப்பிடுவது, காலில் வீக்கம் வலி, மூச்சுத்திணறல், கண் மங்கும் தலைவலி, வலிப்பு, நாற்றத்தோடு போக்கு, தூக்கமின்மை என்று ஆபத்துக்குறிகள் என்னென்ன என்பதைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிடலாம். மாதச் சம்பளமாகக் கொடுங்கள், ஊக்கத்தொகை என்று இழுக்காதீர்கள். ஊக்கத்தொகை எத்தனை மாதம் கழித்து வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

கூடவே ஒரு சின்ன வேலை. மகப்பேறு மருத்துவரும் அதே வளாகத்தில் இருக்கிற சித்த மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குப் பத்தியச் சீட்டு எழுதிக் கொடுக்கட்டும். எந்த லேகியம், எவ்வளவு, எந்த நாளிலிருந்து. சிசேரியனுக்குத் தனியாக. கருவாடு உண்டு, ரத்த அழுத்தம் இருந்தால் வேண்டாம். தண்ணீர் தாராளமாக. கீரையும் பழமும் நிறுத்தாதே. குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். இந்தச் சீட்டை லேகிய டப்பாவின் மேலேயே ஒட்டிவிடுங்கள். தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்தால் திருப்பூருக்கு உதவும். வார்டில் அறிவுரை சொல்லும்போது தாயிடம் மட்டும் சொல்லாமல், கூட வந்த கிழவியை உட்கார வைத்துச் சொல்லுங்கள். வீட்டில் ராஜ்யம் அவருடையது. அவரை மூடநம்பிக்கைக்காரி என்று விரட்டினால் வசம்போடு வெந்நீரையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அரசு ஊழியப் பெண்ணுக்கு 2021-லிருந்து 12 மாத விடுப்பு. ஆலையில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) உள்ளவளுக்கு 26 வாரம். பீஸ் ரேட்டில் செக்கிங் அடிக்கிறவளுக்கு ஒன்றுமில்லை, அவள் அம்மாவுக்கும் ஒன்றுமில்லை. மகளைப் பார்க்க வந்தால் அம்மாவின் கூலி போகும் என்பதால்தான் அந்த அம்மாக்கள் பஸ் ஏறுகிறார்கள். பேறுகாலத் துணையாக அந்த அம்மாவையே பதிந்துகொண்டு, அவருக்கே அந்த 6,000 ரூபாயைக் கொடுக்கலாமா என்றும் யோசியுங்கள். பல வீடுகளில் அதுவே போதும்.

முதலில் திருப்பூர் மாநகராட்சியில் வெளியூர்த் தொழிலாளர் அதிகம் உள்ள சில வார்டுகளில் ஓராண்டு நடத்திப் பாருங்கள். தாய்ப்பால், காய்ச்சல், திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் எண்ணிக்கை, மனநிலைப் படிவம் என்று கணக்கு வையுங்கள். பயிற்சி கொடுக்க ஆள் வேண்டுமென்றால் என்னைப் போல ஓய்வு பெற்ற செவிலியர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். பயணப்படி கொடுத்தால் போதும், வருகிறோம்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருப்பூர் மாவட்டம்.